ஃபேடரை இறக்கினால் நாதஸ்வரம் சுருதி விலகியது – என் அனுபவம்

வளசரவாக்கத்தில் மாடி அறையில்தான் என் ரெக்கார்டிங். மோட்டார் ஃபேடர் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் சறுக்குப் பிடி) உள்ள கன்ட்ரோல் சர்ஃபேஸ் ஒன்றை, அதாவது மென்பொருளைக் கையால் இயக்கும் பலகையை, ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளோடு இணைத்தேன். ரீப்பரின் ப்ரெஃபரன்ஸஸில் மேக்கி கன்ட்ரோல் யுனிவர்சலைச் (இத்தகைய பலகைகள் மென்பொருளோடு பேசும் ஒரு முறை) சேர்த்து, மிடி (இசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறை) இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் சர்ஃபேஸின் போர்ட்டையே கொடுத்தாயிற்று. அவுட்புட் கொடுக்காவிட்டால் ஃபேடர் தானாக நகராது. சர்ஃபேஸும் மேக்கி மோடில் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் தலைவலி. முதல் ஃபேடரை மெல்ல இறக்கினால், ரெக்கார்டுக்குத் தயாராக வைத்திருந்த நாதஸ்வர சாம்பிள் ட்ராக்கில் சுருதி வழுக்கிக்கொண்டே கீழே போனது. ஷட்ஜமம் நிற்கவே இல்லை.

காரணம், மேக்கி முறையில் ஃபேடர்கள் அனுப்புவது பிட்ச் பெண்ட் செய்தி; வாத்தியத்துக்குப் போனால் சுருதியை வளைக்கும் அதே மிடி செய்தி. சாதாரண மிடி கன்ட்ரோலில் 128 படிகள்தான். பிட்ச் பெண்டில் 16,384 வரை இடம் உண்டு. ஒலி அளவு படிக்கட்டாகத் தாவாமல் ஏறி இறங்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் ட்ராக்கின் இன்புட் 'எல்லா மிடியும்' என்று இருந்தால், அதே செய்தி வாத்தியத்துக்கும் போய்விடுகிறது. எட்டு ஃபேடருக்கும் தனித்தனி சேனல் என்றாலும் தப்பிக்க முடியாது. ட்ராக் எல்லாச் சேனலையும் கேட்கிறதே!

ட்ராக் இன்புட்டில் கீபோர்டை மட்டும் தேர்ந்தெடுத்தேன். சுருதி அசையவில்லை. அந்த ட்ராக்கையே டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டேன்.