குளக்கரையில் ஒரு வாசிப்புக் கொட்டகை: மூங்கிலை மட்டும் அவசரப்பட்டு நட்டுவிடாதீர்கள்

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர்க் குளக்கரையில் பெரிய புங்கமரம் ஒன்று இருக்கிறது. அதன் நிழலில் 16-க்கு 12 அடியில் ஒரு வாசிப்புக் கொட்டகை போட்டிருக்கிறோம். மூங்கில், மண், பழைய ஓடு, தென்னம்பலகை. சிமென்ட் மொத்தமே ஒன்றரை மூட்டைதான். இப்போது நிற்பது இரண்டாவது கொட்டகை. முதல் கொட்டகை எட்டே மாதத்தில் உளுத்துப்போனது. இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கதைக்காகத்தான். ஊராட்சியில் பேசி இடம் வாங்குவது, நூல் பிடித்து மூலைமட்டம் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

1. நிழல்

காகிதத்தில் படம் போடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க மரத்தடியில் உட்காருங்கள். காலை 10, பகல் 1, மாலை 4 மணிக்கு நிழலின் ஓரத்தில் குச்சி அடியுங்கள். சித்திரை பிறந்த சில நாளில் நம் பக்கம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அப்புறம் ஆவணி முற்பாதி வரை சூரியன் உச்சியில் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே சாயும். மார்கழியில் நேர்மாறாக, நிழல் வடக்கே நன்றாக நீண்டுவிடும். அதனால் ஒரே நாள் குச்சியை நம்ப வேண்டாம்.

பிள்ளைகள் வருவது பள்ளி விட்டபிறகு, நாலரை மணி வாக்கில். அந்த நேரத்து மேற்கு வெயில்தான் நமக்கு எதிரி. எனவே கொட்டகையை மரத்துக்கு நேர்கீழே போடாமல் கிழக்கே தள்ளிப் போட்டோம். வேரும் தப்பித்தது. மேற்கில் மட்டும் மூன்றரை அடி மண்சுவர், அதற்கு மேல் மூங்கில் தட்டி. மற்ற மூன்று பக்கமும் திறப்பு.

2. மேடை

செம்புறாங்கல்லில் ஒன்றரை அடி உயரம். மட்டம் பார்க்க டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) போதும். ரசமட்டம் வைத்து 16 அடிக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் கடைசியில் ஒரு விரற்கடை வித்தியாசம் வந்து நிற்கும். மூங்கிலை மண்ணில் புதைக்கவே கூடாது. கல்லில் 12 மில்லிமீட்டர் கம்பியை நட்டு, அதன்மேல் மூங்கிலைச் செருகி, அடிக்கணுவுக்குள் சிமென்ட் கலவை ஊற்றுங்கள். அந்த ஒன்றரை மூட்டை செலவானது இங்கேதான்.

3. மூங்கில் (இங்கேதான் நான் விழுந்தேன்)

மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. வண்டு அதைத் தின்னத்தான் வருகிறது. மூன்று நான்கு வயது மூங்கிலை மழை ஓய்ந்தபின், மார்கழி, தையில் வெட்டினால் மாவுச்சத்து குறைவு. தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள் பெரியவர்கள். நானும் அப்படியே செய்தேன், செய்வதால் நஷ்டமில்லை. 2017-இல் வனச்சட்டத்தைத் திருத்தியபின், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் சட்டக்கணக்கில் மரம் இல்லை. பட்டா நிலத்து மூங்கில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வண்டு தின்னாதிருக்க மூங்கிலை ஊறப்போடும் கரைசலுக்கு 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெண்காரம் (போராக்ஸ்), 2 கிலோ போரிக் பவுடர். 12 அடி நீளக் குழியில் தார்ப்பாய் விரித்தோம். 600 லிட்டர் பிடித்தது, ஆக 18 கிலோவும் 12 கிலோவும். நாட்டுமருந்துக் கடையில் வாங்கினால் கட்டுபடியாகாது, கெமிக்கல் மொத்தக் கடைக்குப் போங்கள். போரிக் பவுடர் பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது, முதலில் வெந்நீரில் கரைத்துவிட்டுக் குழியில் ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். பத்து நாள் ஊறவும் விட்டேன். மூன்றாம் மாதம் காலையில் வந்து பார்த்தால் தூணடியில் புட்டு மாவு கொட்டினாற்போல ஒரு குவியல். கூட்டித் தள்ளினால் மறுநாள் இன்னொன்று. ராத்திரி காதை வைத்தால் கறுக் கறுக்கென்று சத்தம்.

காரணம் இதுதான்: மூங்கிலின் வெளித்தோல் மெழுகு பூசியது போல இருக்கும், அதன் வழியே மருந்து இறங்காது. வெட்டுவாய் வழியாகவும் உட்சுவர் வழியாகவும்தான் இறங்கும். ஒவ்வொரு கணுவுக்குள்ளும் ஒரு தடுப்பு இருக்கிறதே, அதை நான் உடைக்கவில்லை. மருந்து இரண்டு முனையோடு நின்றுவிட்டது. நடுவில் முழுக்கப் பச்சை மூங்கில்.

கூர் தீட்டிய நீளக் கம்பியை ஒரு முனையில் விட்டு இடித்து எல்லாத் தடுப்பையும் உடையுங்கள். எட்டாவிட்டால் மறுமுனையிலிருந்தும் இடியுங்கள். பிறகு மூங்கிலைச் சாய்த்தபடி கரைசலில் இறக்குங்கள். மேல்முனையில் குபுகுபுவென்று குமிழி வந்தால் உள்ளே மருந்து போகிறது. வரவில்லையா, எங்கோ ஒரு கணு பாக்கி, வெளியே எடுத்து மறுபடி இடியுங்கள். மூங்கில் மிதக்கும், மேலே கல் ஏற்றுங்கள். பத்து நாள் கழித்து நிழலில் நிறுத்திவைத்து மூன்று நான்கு வாரம் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

மிஞ்சிய கரைசலை மரத்தடியில் கொட்டாதீர்கள், போரான் மிகுந்தால் செடி கருகும். குளத்திலும் கூடாது. நாங்கள் அதைத் தட்டிக்கும் பெஞ்சுப் பலகைக்கும் பூசித் தீர்த்தோம். மழையில் இந்த மருந்து கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் தூணில் சாரல் படக்கூடாது. இறவாரம் மூன்று அடி நீட்டினோம்.

அறுப்பதற்கு ஹேக்சா பிளேடுதான் என் தேர்வு, தச்சர் ரம்பம் நாரைப் பிய்க்கிறது. ஆணியே வேண்டாம், மூங்கில் பிளக்கும். துளை போட்டு போல்ட் முடுக்குங்கள்.

4. கூரை

கீற்று போட்டால் அழகாக இருக்குமே என்று பலர் கேட்டார்கள். எங்கள் பக்கம் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்குக் கீற்று போட யாருக்கும் மனம் வராது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகியது கீற்றுக் கூரையின் கீழேதான். இடித்த வீடுகளிலிருந்து சீமை ஓடு மலிவாகக் கிடைக்கிறது. பனங்கையும் (ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டம்) பழசே போதும். ஓரத்து இரண்டு வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்டுங்கள். கஜா புயலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

5. சுவரும் இருக்கையும்

மண்ணைப் பிசைந்து உருண்டையாக்கி இடுப்புயரத்திலிருந்து போடுங்கள். சப்பென்று பரவினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் களி குறைவு. நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்து, ஒரு ராத்திரி புளிக்கவிட்டுச் சுவர் வையுங்கள்.

பெஞ்சுக்கு, 2018 கஜாவில் விழுந்த தென்னைகளை அறுத்து வீட்டோரம் அடுக்கிவைத்திருந்த பலகை கிடைத்தது. அடிமரத்தின் வெளிப்பக்கம்தான் கெட்டி, நடுத்தண்டு சோறுபோல மெத்தென்றிருக்கும், அதை வாங்காதீர்கள். புத்தக அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், கறையான் சுவர் வழியாகவே ஏறும். ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் ஏறும்போதே கண்ணில் படும்.

பின்னர் சேர்த்தது

கல் மூங்கிலில் கம்பி போகவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். கல் மூங்கிலுக்கு உள்ளே துளையே கிடையாது அல்லது ஊசித்துளைதான். அதை இருபது நாளுக்குக் குறையாமல் ஊறப்போடுங்கள், தூணுக்கு வேண்டாம், தட்டிச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மருந்தே வேண்டாம் என்பவர்கள் பழைய முறைப்படி குளத்தில் ஒரு மாதத்துக்கு மேல் அமுக்கிவைக்கலாம். மாவுச்சத்து கரைந்து போகும், ஆனால் நாற்றம் தெருமுனை வரைக்கும் வரும்.

இன்னொன்றை நானே மறந்துவிட்டேன்: படல். மூன்று பக்கமும் திறப்பு வைத்த மூன்றாம் நாளே ஆடு ஏறி ஒரு பொது அறிவுப் புத்தகத்தை அட்டையோடு தின்றுவிட்டது. இடுப்புயரத்துக்கு ஒரு மூங்கில் படல் கட்டி, கொக்கியை வெளிப்பக்கம் போடாமல் உள்பக்கம் போடுங்கள். வெளிக் கொக்கியை எங்கள் ஊர் ஆடு மூக்கால் தூக்கித் திறக்கிறது.