பெங்களூருவில் கெட்டுப்போன தூக்கத்தைச் சீராக்கும் வழி

அல்சூரிலும் விவேக் நகரிலும் குடியிருந்து வெளிவட்டச் சாலை அலுவலகங்களுக்குப் போய்வரும் நம்மவர் பலர், சோர்வுக்கும் எரிச்சலுக்கும் வேலைப்பளுவையே காரணமாகச் சொல்லிக்கொண்டு, கெட்டுப்போன தூக்கத்தைக் கவனிக்காமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முதலில், எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள்; ஞாயிற்றுக்கிழமையும் விதிவிலக்கன்று. எழுந்ததும் அல்சூர் ஏரிக்கரையிலோ, அது தொலைவென்றால் மொட்டை மாடியிலோ அரை மணி நேரம் விரைந்து நடங்கள். கண்ணில் படும் காலை வெளிச்சம் மூளையிலுள்ள உயிர்க்கடிகாரத்தைச் சரிப்படுத்தி, இரவில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் உரிய வேளையில் சுரக்க வழிசெய்கிறது. வாரத்தில் 5 நாள் நடந்தால், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும் நிறைவேறிவிடும்.

காபியை அறவே விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், உறக்க உணர்வைத் தரும் அடினோசினின் வேலையைத் தடுக்கும் காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 6 மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் காஃபீனில் ஏறத்தாழ பாதி இரவு 11 மணிக்கும் உடலில் எஞ்சியிருக்கும். பிற்பகல் 2 மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அழைப்புகளுக்காக இரவில் விழித்திருப்பவர்கள், அதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். அழைப்பு முடிந்ததும் விளக்கைத் தணித்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, சற்று ஓய்ந்தபின் படுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், பதற்றமோ மனச்சோர்வோ கூடினால், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.