கிளாரின் அமைப்பில் நாடு சேரும் முறையும் நெல்லைப் பதிவுகளை ஆயத்தப்படுத்தும் வழியும்

நெல்லைச் சீமையின் பேச்சையும் வில்லுப்பாட்டையும் பதிவு செய்து வைத்திருக்கும் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்று, மொழித் தரவுகளையும் அவற்றை ஆயும் கருவிகளையும் ஆய்வாளர்களுக்குப் பகிரும் ஐரோப்பாவின் கிளாரின் (CLARIN) ஆய்வு உட்கட்டமைப்பில் நேரடியாக உறுப்பினராக முடியாது. 2012இல் சட்ட உருப்பெற்று, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அவ்வமைப்பில் நாடுகளும் அரசுகளுக்கிடையிலான அமைப்புகளுமே உறுப்பினராகும். டச்சு மொழி ஒன்றியம் அத்தகைய தொடக்க உறுப்பினர்.

ஒரு நாடு சேர வேண்டுமெனில், அதன் அரசு ஆண்டுக் கட்டணத்தை ஏற்று விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் காப்பகங்களும் தேசியக் கூட்டமைப்பாக இணைந்து, ஓர் ஒருங்கிணைப்பாளரின் கீழ்ப் பணியாற்ற வேண்டும். முதலில் பார்வையாளராகச் சேரும் வழியும் உண்டு. தென்னாப்பிரிக்கா அவ்வாறே நுழைந்தது. இந்தியா உறுப்பினர் அன்று. ஆயினும் டில்லியின் முடிவுக்காக நாம் காத்திருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் பேசுகிற பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

எனவே பதிவுகளை இப்போதே ஆயத்தப்படுத்துங்கள். பேசுவோரிடம், பதிவை யார், எவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் பயன்பாட்டு உரிமத்தை விளக்கி எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுங்கள். ஒலியைச் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாகவும், எழுத்துப் படியை யூனிகோடிலும் வையுங்கள். மிகுந்த கவனம் மேல்தரவுக்கே, அதாவது பதிவைப் பற்றிய விவரக் குறிப்புக்கே, தேவை: பனையேறியின் தொழிற்சொல்லோ பத்தமடைப் பாய் நெய்பவரின் சொல்லோ, எவ்வூரில், எவ்வயதினரிடம், எந்நாளில் பதிவானது என்ற குறிப்பில்லாவிட்டால், பிற்கால ஆய்வாளருக்கு அது பாதிப் பயனே தரும். மொழித் தரவுகளைத் தேடுவதற்கான கிளாரினின் இணையதளமான மெய்நிகர் மொழி நோக்ககத்தில் எவரும் தேடலாம். அங்குள்ள விவரப் பதிவுகளைப் பார்த்து அதே விவரத் தலைப்புகளைப் பின்பற்றுங்கள். பின்னர், மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்தின் மொழித்தரவுப் பிரிவை அணுகி, பதிவுகளை ஒப்படைக்க வழியுண்டா எனக் கேளுங்கள்.