வேறு வேறு கம்பெனி ரோபோக்களை ஒரே பேச்சில் ஓட்டுவது: பழைய லேப்டாப்பில் வி.டி.ஏ. 5050 பழகலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குத் தெற்கே, மொபேனி பக்கம் ஒரு கிடங்கு. பேலட் தூக்கும் ரோபோ ஒரு கம்பெனியுடையது, பெட்டி சுமக்கும் சின்ன ரோபோ இன்னொரு கம்பெனியுடையது. ஒருநாள் இரண்டும் குறுகிய சந்தில் எதிரெதிரே வந்து நின்றுவிட்டன. இதற்கு அது ஒரு தடை, அதற்கு இது ஒரு தடை, வழியில் பெட்டி விழுந்து கிடந்தால் எப்படியோ அப்படித்தான். தடை விலகட்டும் என்று இரண்டும் பொறுமையாகக் காத்திருந்தன. சூப்பர்வைசர் கையில் இரண்டு டேப்லெட், இதற்கொன்று அதற்கொன்று. இரண்டிலும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சின்னதைக் கையாலேயே தள்ளி ஓரங்கட்டினார்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாகத்தான் திறந்த தரநிலைகள் வந்தன, அதாவது எந்தக் கம்பெனி ரோபோவும் பின்பற்றக்கூடிய பொதுப் பேச்சு விதிகள். ரோபோவைத் தொட்டே பார்க்காதவர்களும் அதில் ஒன்றை ஒரு சாயங்காலத்தில் பழகிக்கொள்ளலாம், ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு தாளும் பென்சிலும் போதும்.

எதைப் பழகுவது? மூன்று பெயர் காதில் விழும். மாஸ்ரோபோடிக்ஸ் அமைப்பு 2021ல் வெளியிட்ட தரநிலையில் ரோபோக்கள் "நான் இன்னார், இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும். வேலை ஏவ அதில் வழி இல்லை. ஓப்பன் ஆர்.எம்.எஃப். என்பது சிங்கப்பூர் மருத்துவமனைத் தேவையிலிருந்து வளர்ந்த திறந்த மென்பொருள். லிஃப்ட், கதவுகளோடும் பேசும், ரோபோக்களுக்குள் வழித் தகராறு வந்தால் பஞ்சாயத்தும் செய்யும், ஆனால் ரோபோ நிரல் எழுதப் பயன்படும் ரோஸ் 2 என்ற மென்பொருள் தெரியாதவருக்குக் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். மூன்றாவது வி.டி.ஏ. 5050. ஜெர்மன் வாகனத் தொழில் சங்கமான வி.டி.ஏ.வும் இயந்திரத் தொழில் சங்கமான வி.டி.எம்.ஏ.வும் சேர்ந்து கொண்டுவந்தது, முதல் பதிப்பு 2019, இரண்டாம் பதிப்பு 2022. ஆவணம் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் இலவசம். தொடங்க இதுதான் எளிது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்றால், இந்த ஊர்க்காரர்களுக்கு ஃபனகலோ தெரிந்திருக்கும். பெரும்பாலும் ஜூலுச் சொற்களை வைத்துக் கட்டிய கலப்பு மொழி, சுரங்கத்திலும் நேட்டால் கரும்புத் தோட்டங்களிலும் புழங்கியது. என்னோடு வேலை பார்க்கும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி அண்ணன், அவருடைய தாத்தா தமிழ் பேசியது வீட்டில், ஃபனகலோ பேசியது தோட்டத்தில் என்பார். அது ஏவல் மொழி: "எடு", "வை", "போ". மனம்விட்டுப் பேச அல்ல, வேலை வாங்க. வி.டி.ஏ. 5050யும் அதே சாதிதான். மேலே இருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் ஏவும், ரோபோ செய்துவிட்டுப் பதில் சொல்லும். ரோபோவும் ரோபோவும் ஒன்றோடொன்று பேசவே பேசாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் படி: தாளில் வரைபடம்

கணினியைத் திறக்க வேண்டாம். சந்துகளைக் கோடாகவும், ரோபோ நிற்கும், திரும்பும் இடங்களைப் புள்ளியாகவும் வரையுங்கள். புள்ளிக்கு நோட் என்று பெயர், கோட்டுக்கு எட்ஜ். ஒரு மூலையைப் பூஜ்யமாக வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய் அளவை மீட்டரில் எழுதுங்கள், முகம் திரும்பியிருக்கும் கோணம் டிகிரியில் அல்ல, ரேடியனில்.

சின்ன விஷயம் மாதிரி தெரியும், நிஜத்தில் அதிக நாள் தின்பது இதுதான். ஒவ்வொரு கம்பெனி ரோபோவும் தானே ஊர்ந்து தன் வரைபடத்தைப் போட்டுக்கொள்கிறது. ஒன்றின் பூஜ்யம் சார்ஜர் பக்கத்தில், இன்னொன்றின் பூஜ்யம் வாசலில், அதுவும் கொஞ்சம் சாய்ந்து. எல்லாம் ஒரே அளவுமுறையில்தான் பேச வேண்டும் என்கிறது தரநிலை, அந்த ஒற்றுமையைக் கொண்டுவருவது உங்கள் பாடு. கிடங்குத் தூண்கள் இரண்டையாவது பொது அடையாளமாக வைத்து அளந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தபால்காரரை வைப்பது

செய்திகள் போகும் வழி எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி அனுப்பும் முறை. 1999ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது, அதனால் மோசமான இணைப்பிலும் பிழைக்கும். நடுவில் புரோக்கர் என்ற தபால்காரர். மொஸ்கிட்டோ என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அது வந்துவிடும், 1883 என்ற போர்ட்டில் காத்திருக்கும். கூடவே செய்தி அனுப்ப ஒரு சின்னக் கருவி, கேட்க ஒன்று. இதன் 2.0 பதிப்பிலிருந்து வெளிக் கணினிகளை அது தானாகச் சேர்க்காது, போனையும் இணைத்துச் சோதிக்க வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் லிசனர் வரியும் பெயரில்லாமல் நுழைய அனுமதிக்கும் வரியும் சேர்க்க வேண்டும். வீட்டுச் சோதனைக்கு மட்டும் சரி. கிடங்கில் கடவுச்சொல்லும் குறியாக்கமும் இல்லாமல் வைத்தால், வைஃபை தெரிந்த எவரும் உங்கள் ரோபோவை ஓட்டலாம்.

மூன்றாம் படி: கேட்கப் பழகுங்கள்

எல்லோரும் நேரே ரோபோவை ஏவத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி இரண்டு நாள் வீணாக்கினேன், அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாமல். முதலில் ஒரு திரையைத் திறந்து எல்லா டாபிக்கையும் கேட்க விடுங்கள், அதற்கு ஹேஷ் குறி போதும்.

டாபிக் என்பது முகவரி. ஐந்து துண்டு: இடைமுகத்தின் பெயர், பெரும் பதிப்பு, தயாரித்த கம்பெனி, வண்டியின் வரிசை எண், கடைசியில் செய்தியின் வகை. வகைகளில் உங்களுக்கு இப்போது வேண்டியவை ஆர்டர் (ஏவல்), இன்ஸ்டன்ட் ஆக்ஷன்ஸ் (உடனடிச் செயல்கள்), ஸ்டேட் (ரோபோவின் நிலை), கனெக்ஷன் (இணைப்பு). பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் புரோக்கர் திட்டாது, செய்தி யாருக்கும் போகாது, அவ்வளவுதான்.

நான்காம் படி: லோட் ஷெடிங் பரீட்சை

லோட் ஷெடிங் என்பது முறைவைத்து வரும் மின்வெட்டு. இங்கே 2022, 2023ல் அதன் கடுமையான ஸ்டேஜ் 6 வரை பார்த்தவர்களுக்கு இந்தப் படி சட்டென்று விளங்கும். மின்சாரம் போனால் ரோபோ நிற்காது, அதற்கு பேட்டரி இருக்கிறது. சாவது வைஃபை ரவுட்டர்தான். ரோபோ உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்குத்தான் கண் தெரியாது.

இதற்காகவே எம்.க்யூ.டி.டி.யில் லாஸ்ட் வில் என்று ஒன்று உண்டு, உயில்தான். இணையும்போதே ரோபோ புரோக்கரிடம் "என்னிடமிருந்து சத்தமே இல்லாமல் போனால் இதை எல்லோருக்கும் சொல்லிவிடு" என்று ஒரு செய்தியைக் கொடுத்து வைக்கும். வி.டி.ஏ. 5050ல் அந்தச் செய்தி கனெக்ஷன் டாபிக்கில் "கனெக்ஷன்புரோக்கன்" என்று வர வேண்டும். ஒழுங்காக விடைபெற்றுப் போனால் "ஆஃப்லைன்", இருக்கும்போது "ஆன்லைன்".

இரண்டாவது திரையில் கேட்கும் கருவியையே பொய் ரோபோவாக்குங்கள்: தன் ஆர்டர் டாபிக்கைக் கேட்கட்டும், உயிலும் வைக்கட்டும். மூன்றாவது திரையிலிருந்து அதன் பெயரில் "ஆன்லைன்" அனுப்புங்கள், ரிட்டெயின் போட்டு, தாமதமாக வந்து கேட்பவருக்கும் கடைசி நிலை தெரிவதற்காக. அப்புறம் பொய் ரோபோவை வலுக்கட்டாயமாகக் கொல்லுங்கள். முதல் திரையில் உயில் உடனே வாசிக்கப்படும். அதே ரோபோவைப் போனில் ஓட்டி வைஃபையைப் பிடுங்கினால் உடனே வராது: இணையும்போது ரோபோ குறித்த கீப் அலைவ் என்ற இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் புரோக்கர் பொறுத்துப் பார்க்கும், அதை 15 நொடி வைத்திருந்தால் ஏறக்குறைய 22 நொடி. அந்த 22 நொடியில் ஒரு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று உங்கள் தாளில் அளந்து பாருங்கள்.

ஐந்தாம் படி: ஸ்டேட்

கடைசியாகத் தொட்ட நோட், பேட்டரி, ஓடுகிறதா நிற்கிறதா, பிழைகள், தானியங்கியா கையோட்டமா என்ற முறை, இவையெல்லாம் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் ஒரே செய்தியில். ஏதாவது மாறினால் உடனே, மாறாவிட்டாலும் 30 நொடிக்குள் ஒரு முறை வர வேண்டும். கிட்ஹப்பில் இதற்கான ஸ்கீமா கோப்புகள், அதாவது செய்தி எப்படி இருக்க வேண்டும் என்ற அச்சுகள், இருக்கின்றன, கையால் எழுதியதை அதில் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: ஆர்டர்

இப்போதுதான் ஏவல். ஆர்டருக்கு ஒரு அடையாளம், ஒரு திருத்த எண், நோட்களின் பட்டியல், எட்ஜ்களின் பட்டியல். வரிசை எண் இரண்டுக்கும் பொது: நோட் 0, எட்ஜ் 1, நோட் 2, எட்ஜ் 3 என்று ஒன்றுவிட்டு ஒன்று. நோட்டுக்கு இரட்டை, எட்ஜுக்கு ஒற்றை. முதல் நோட் ரோபோ இப்போது நிற்கும் இடமாகவோ அதற்கு மிக நெருக்கமாகவோ இருக்க வேண்டும். செயல் எதுவும் இல்லாவிட்டாலும் ஆக்ஷன்ஸ் என்ற காலிப் பட்டியலை விடாதீர்கள், நான் விட்டுவிட்டுத் தேடியிருக்கிறேன்.

முக்கியமானது ரிலீஸ்ட் என்ற ஒரே ஒரு ஆம், இல்லை. ஆம் என்று போட்ட பகுதிக்கு பேஸ் என்று பெயர், அதுவரை ரோபோ போகலாம், போயே தீரும். இல்லை என்று போட்டது ஹொரைசன், "பிறகு அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும்" என்ற முன்னறிவிப்பு மட்டும். பேஸின் கடைசி நோட்டில் ரோபோ நின்று அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். நீட்டுவது பூச்சரம் தொடுப்பது மாதிரி: அதே ஆர்டர் அடையாளம், திருத்த எண் ஒன்று கூட, புதுப் பட்டியல் பழைய பேஸின் கடைசி நோட்டிலிருந்தே தொடங்க வேண்டும். வேறு பூவில் முடிச்சுப் போட்டால் ரோபோ ஏற்காது, ஸ்டேட்டில் பிழையாகச் சொல்லும்.

மேலே லோட் ஷெடிங் சொன்னேன் அல்லவா, இணைப்பு போனாலும் ரோபோ பேஸின் முடிவுவரை ஓடிவிட்டுத்தான் நிற்கும் என்பதே விதி. பேஸை நீளமாகக் கொடுத்தால் நீங்கள் குருடாக இருக்கும்போது அது வெகுதூரம் போகும். குட்டையாகக் கொடுத்தால் வண்டி நோட்டுக்கு நோட் நின்று நின்று போகும், வேலை கெடும். என் பழக்கம்: திறந்த இடத்தில் நீளம், சந்துக்குள் ஒரு நோட் அல்லது இரண்டு.

ஏழாம் படி: செயல்கள்

எடு, இறக்கு, சார்ஜ் போடு. ஒவ்வொன்றுக்கும் பிளாக்கிங் டைப்: நன் என்றால் ஓடிக்கொண்டே செய்யலாம், சாஃப்ட் என்றால் நின்று செய்ய வேண்டும், வேறு செயல் கூடவே நடக்கலாம், ஹார்ட் என்றால் அது மட்டும்தான். பேலட் தூக்குவதற்கு ஹார்ட் போடுங்கள், யோசிக்காதீர்கள். இன்னொன்று, ஸ்டார்ட்பாஸ் என்ற உடனடிச் செயலை அவசர நிறுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம், அது வைஃபையில் வரும் வேண்டுகோள். ஆள் பாதுகாப்பு ரோபோவின் உடம்பிலேயே, ஓட்டுநர் இல்லாத தொழில் வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 3691-4 சொல்கிறபடி இருக்க வேண்டும்.

எட்டாம் படி: இரண்டாவது ரோபோ

வேறு கம்பெனிப் பெயரில் இன்னொரு பொய் ரோபோவைத் திறந்து, இரண்டையும் ஒரே சந்துக்கு எதிரெதிரே அனுப்புங்கள், எல்லா நோட்டையும் ரிலீஸ் செய்து. தாளில் இரண்டு நாணயத்தை நகர்த்திப் பாருங்கள். மொபேனியில் நடந்ததேதான் நடக்கும், தரநிலையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியும். யார் முதலில் போவது என்று வி.டி.ஏ. 5050 ஒரு வார்த்தையும் சொல்வதில்லை, ரோபோக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் செய்யாது. முடிவு முழுக்க மேலே இருக்கும் மென்பொருளுடையது, அதன் கையில் இருக்கும் ஒரே கடிவாளம் அந்த ரிலீஸ்ட். ஒன்றைச் சந்தின் வாய் நோட்டில் பேஸ் முடித்து நிறுத்துங்கள், மற்றது வெளியே வந்துவிட்டதாக ஸ்டேட் சொன்ன பிறகு நீட்டுங்கள். இதைக் கையால் நான்கைந்து முறை செய்த பிறகு, பைத்தான் நிரல்மொழியில், எம்.க்யூ.டி.டி. பேசும் பாஹோ என்ற நிரல் தொகுப்பை வைத்து எழுதுவது பெரிய வேலையே இல்லை.

ரோபோ விற்க வருபவர் "நாங்களும் வி.டி.ஏ. 5050தான்" என்றால் தலையாட்டிவிடாமல் கேளுங்கள்: எந்தப் பதிப்பு? எந்தச் செயல்கள் உண்மையிலேயே ஓடும்? ஃபேக்ட்ஷீட் டாபிக் இருக்கிறதா, அதாவது தன் அளவும் திறமையும் தானே சொல்லுமா? ஹொரைசனைப் பயன்படுத்துமா, வெறுமனே வாங்கி வைத்துக்கொள்ளுமா?

மொபேனியில் இதைக் கேட்டபோதுதான் சின்ன ரோபோ இன்னும் 1.1 பதிப்பில் நிற்பது தெரிந்தது, பெரியது 2.0. முகவரியே வேறு, 1.1ல் ஃபேக்ட்ஷீட்டும் கிடையாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதுவரைக்கும் சந்தின் வாயில் ஒரு ஆளை நிற்க வைத்திருக்கிறார்கள்.