அனிமேஷன் தொடருக்கு விலங்கு வில்லனை உருவாக்கும் முறை

சாகசத் தொடருக்கு விலங்கு வில்லனைப் படைக்க விரும்புவோர், கோரைப் பல்லை வரைவதற்கு முன் அந்த விலங்கின் பகைக்கான காரணத்தை முடிவு செய்ய வேண்டும். பல அனிமேஷன் தழுவல்களைக் கண்ட, எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஷேர்கான், 1894இல் வெளிவந்த ‘தி ஜங்கிள் புக்’ மூலக்கதையில் பிறவியிலேயே ஒரு கால் ஊனமான புலி. அதனால் கால்நடைகளையே கொன்று வாழ்ந்து, கிராமத்தாரின் சினத்துக்கு ஆளாகிறது. ஒரு குறையிலிருந்தே உணவும் பகையும் ஆபத்தும் கிளைக்கும் இத்தகைய அமைப்பே, வெறும் கொடூரத்தைவிடப் பன்மடங்கு வலிமையானது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து நடையைக் கவனியுங்கள். புலி நடக்கும்போது ஒரு பக்கத்துப் பின்காலைத் தொடர்ந்து அதே பக்கத்து முன்கால் எழும். பின்பாதம் பெரும்பாலும் முன்பாதத்தின் தடத்தை ஒட்டியே பதியும். தோள்பட்டை எலும்பு முதுகுக்கோட்டுக்கு மேல் எழுந்து தாழ்வதையும் காட்டினால்தான் உடலின் எடை பார்வையாளருக்கு உறைக்கும்.

நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் படத்தில், ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி 12 ஓவியங்களால் சமாளிப்பது வழக்கம். புலி பதுங்குவது பாய்வதற்கே என்பதால், பதுங்கலை நீளமாக அசைவின்றி நிறுத்தி, பாய்ச்சலுக்கு மட்டும் சட்டகத்துக்கு ஓர் ஓவியம் என்று செலவிடுங்கள். குரலைத் தாழ்வாகவே வையுங்கள், உறுமலை அரிதாக்குங்கள்.