டிரைவ்வேயைப் பெயர்த்துப் புதிதாகப் போடப்போகிறீர்களா? அடிக்கடி கைவைக்க வேண்டாத தளம் எது?

கேட்டிலிருந்து வீடுவரை கார் வரும் பழைய டிரைவ்வே உடைந்து பள்ளமாகி, புதிதாகப் போடலாம் என்று முடிவானதுமே எல்லோரும் கலரையும் டிசைனையும்தான் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் வேலை, பழைய தளம் ஏன் கெட்டது என்று பார்ப்பது. நல்ல மழை ஓய்ந்ததும் வெளியே போய் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, சக்கரம் ஏறும் இரண்டு தடங்கள் மட்டும் அமுங்கியிருக்கின்றனவா, விரிசல் மரத்தின் பக்கமாக ஓடுகிறதா? தடம் அமுங்கியிருந்தால் அடித்தளம் சரியில்லை. விரிசல் மரத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் வேர்தான் காரணம். இதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் அதே கதைதான்.

அடுத்து, தரைக்கு அடியில் குழாயோ கேபிளோ போகிறதா என்று பாருங்கள். போனால் பேவர் பிளாக்தான் நல்லது, ஏனென்றால் நாளைக்குக் குழாய் கசிந்தால் நாலு கல்லை எடுத்து வேலை முடிந்ததும் திரும்ப அடுக்கிவிடலாம். கான்கிரீட்டை வெட்டினால் ஒட்டுப்போட்ட இடம் கடைசிவரை கண்ணில் படும்.

சரி, இப்போது பொருள். தார் தளம் கடும் வெயிலில் இளகும், எண்ணெய் சொட்டினால் அரிக்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை மேல்பூச்சும் கேட்கும், அதனால் பராமரிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். ஜல்லியில் விரிசல் என்ற பேச்சே இல்லை, மழைநீரும் கீழே இறங்கும், ஆனால் சரிவான இடத்தில் அடிக்கடி வாரிவிட வேண்டும். ஜல்லிதான் என்றால் கூழாங்கல் வேண்டாம், உடைத்த 20 மி.மீ. ஜல்லி போடுங்கள், முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

குழாயும் மரமும் இல்லாத இடத்துக்கு என் ஓட்டு கான்கிரீட்டுக்கே. காருக்கு 4 அங்குல கனம் போதும், கனரக வண்டி ஏறும் என்றால் 6. கான்கிரீட் காயும்போது சுருங்கி எங்காவது கட்டாயம் விரிசல் விடும். அந்த விரிசல் நாம் சொன்ன இடத்தில் வரட்டும் என்றுதான் 8 முதல் 10 அடிக்கு ஒரு ஜாயின்ட், அதாவது நேரான ஒரு கீறல், கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு, வெட்டுகிறோம். மேற்பரப்பை வழவழவென்று இழைக்க விடாதீர்கள். ஈரம் இருக்கும்போதே துடைப்பத்தைக் குறுக்கே ஒருமுறை இழுத்தால் மெல்லிய வரிகள் விழும், மழையில் கால் வழுக்காது. அப்புறம் 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவரை கார் ஏற வேண்டாம்.

பேவர் என்றால் 80 மி.மீ. கனம் கேளுங்கள், மீன்முள் மாதிரி சாய்த்து அடுக்கச் சொல்லுங்கள், சக்கரம் திரும்பும்போது கல் நகராது. ஓரத்தில் கான்கிரீட் கட்டு கட்டாயம் வேண்டும். இடுக்கில் முளைக்கும் புல்லைத் தடுக்க அடியில் ஷீட் விரிப்பது பெரும்பாலும் வீண், விதை மேலிருந்துதான் வந்து விழுகிறது. இடுக்கு மணல் குறையும்போது நிரப்பிவிட்டால் புல்லும் குறையும்.

எந்தத் தளமானாலும் அடியில் உடைகல்லை இரண்டு அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தண்ணீர் வடியும் வாட்டம் வீட்டை விட்டு விலகி, 10 அடிக்குச் சுமார் இரண்டரை அங்குலம். அடித்தளம் முடிந்த அன்றே நூல் கட்டி நீங்களே அளந்து பாருங்கள், பள்ளம் தெரிந்தால் அப்போதே நிரப்பச் சொல்லுங்கள்.