பேர் ஆக்ட் வாசிப்பது எப்படி: ஒரு வக்கீல் குமாஸ்தாவின் பென்சில் வழி

நான் வக்கீல் இல்லை. 31 வருடம் வக்கீல் குமாஸ்தா. கட்டு சுமந்தேன், நகல் மனு போட்டேன், வாய்தா டைரி எழுதினேன். நடுவில், சீனியர் கோர்ட்டுக்குப் போன பிறகு, அவர் மேசையில் கிடக்கும் பேர் ஆக்டை எடுத்து வாசிக்கப் பழகினேன். உரை எதுவும் இல்லாத, சட்டத்தின் வெறும் வாசகம் மட்டும் உள்ள புத்தகத்துக்குத்தான் எங்கள் பேச்சில் அந்தப் பெயர்.

இப்போதெல்லாம் போனில் ஒரு பிரிவைத் தேடி, முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஆபீஸ் கவுன்டரில் சண்டைக்குப் போகிறார்கள். வரி சரியாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த வரியில்தான் தோற்றுப்போவார்கள்.

ஒரு பென்சில் போதும். மத்தியச் சட்டங்கள் எல்லாம் இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. நடைபாதைக் கடையில் பழைய பதிப்பு வாங்காதீர்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய புத்தகம் வைத்திருப்பவர், 8-ஆம் பிரிவில் தனிநபர் தகவல் பற்றி ஒரு நீண்ட பத்தியைப் பார்ப்பார். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை ஒரே வரியாகச் சுருக்கிவிட்டது.

உயிர் இருக்கிறதா பாருங்கள்

முதலில் படிக்க வேண்டியது உங்கள் பிரச்சினைக்குரிய பிரிவு அல்ல, 1-ஆம் பிரிவு. சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பது அங்கேதான் இருக்கும். குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. பல சட்டங்களில் அரசு தேதி குறித்து அரசிதழில் அறிவிக்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023 டிசம்பர் 25-இல் ஒப்புதல் பெற்றது, 2024 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றும் முழுதாக வரவில்லை. 106-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, விபத்தில் ஆளைக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். அடுத்த மாதம் வந்த அறிவிப்பில் அந்த உட்பிரிவு மட்டும் விடுபட்டிருந்தது. புத்தகத்தில் அச்சாகி இருந்தது, நடைமுறைக்கு வரவில்லை. அச்சில் இருப்பதாலேயே ஒன்று சட்டமாக இயங்குகிறது என்று நம்பாதீர்கள்.

சொல்லுக்குச் சட்டம் தரும் அர்த்தம்

அடுத்து 2-ஆம் பிரிவு. பெரும்பாலும் வரையறைகள் அங்கேதான். ஒரு சொல் 'இன்னதெனப் பொருள்படும்' என்றிருந்தால் வேலி போட்டாயிற்று. 'இன்னதையும் உள்ளடக்கும்' என்றிருந்தால் வாசல் திறந்திருக்கிறது. அங்கே சொல்லாததையும் வாதிட்டு உள்ளே கொண்டுவரலாம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நுகர்வோர்' யார் என்று பாருங்கள். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்ல. ஜெராக்ஸ் மெஷின் வாங்கி, அதைத் தானே ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் இந்த வரியோடு நின்றுவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கீழே 'விளக்கம்' என்று ஒரு சின்னப் பத்தி இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்கிறது. விற்ற கம்பெனிக்காரர் மேல் வரியைத்தான் காட்டுவார். நீங்கள் கீழே பாருங்கள்.

'வேண்டும்' ஒரு வட்டம், 'லாம்' ஒரு கோடு

பென்சிலுக்கு இங்கேதான் வேலை. 'செய்தல் வேண்டும்' என்று வரும் இடத்தில் வட்டம் போடுங்கள். அது அதிகாரியின் கடமை. 'செய்யலாம்' என்று வந்தால் அடிக்கோடு. அது அவர் விருப்பம். 'லாம்' என்பதையும் கடமையாகவே கோர்ட் படித்த தீர்ப்புகள் உண்டு, ஆனால் அந்த நம்பிக்கையில் இறங்காதீர்கள்.

வட்டம் போட்ட பிறகு ஒரு வேலை பாக்கி. அந்த 'வேண்டும்' மீறப்பட்டால் என்ன ஆகும் என்று பின்பக்கங்களில் தேடுங்கள். தண்டனைப் பிரிவு இல்லாத 'வேண்டும்' வெறும் அறிவுரைதான் என்பது என் அபிப்பிராயம்; என் சீனியர் ஒத்துக்கொள்ள மாட்டார். தகவல் உரிமைச் சட்டம் அதிகாரிகளைக் கொஞ்சமாவது அசைத்ததற்கு அதன் 20-ஆம் பிரிவுதான் காரணம் என்று நினைக்கிறேன். காரணமில்லாமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000, அந்த அதிகாரியின் தலையில் விழும்.

என் மைத்துனர் ஓர் அலுவலகத்தில் தகவல் மனு கொடுத்தபோது, "எதுக்குக் கேக்குறீங்க, காரணம் எழுதிக் குடுங்க" என்றார்கள். என்னிடம் வந்தார். "மாமா, 6-ஆம் பிரிவு 2-ஆம் உட்பிரிவை ஒரு தாளில் எழுதி எடுத்துட்டுப் போங்க" என்றேன். காரணம் கேட்கக் கூடாது என்று அங்கே தெளிவாக இருக்கிறது. சண்டை போடவில்லை, தாளை நீட்டினார். மனுவில் சீல் விழுந்தது.

வரம்புரையில்தான் ஆள் தப்பிப்பதும் மாட்டுவதும்

'ஆனால்', 'எனினும்' என்று தொடங்கும் பத்திக்கு வரம்புரை என்று பெயர். மேலே கொடுத்ததைக் கீழே பிடுங்கும், சில நேரம் மேலே பிடுங்கியதைத் திருப்பித் தரும். வரம்புரை என்ற பெயரில்லாமல் வாக்கியத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் விலக்குகளும் உண்டு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு, கைதான இடத்திலிருந்து கோர்ட்டுக்கு வரும் பயண நேரம் நீங்கலாக என்று சேர்த்தே சொல்கிறது.

ஒரு விலக்கைப் பார்க்காமல் நானே ஒருவரைக் கெடுக்கப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. முன்சீப் கோர்ட்டில் தோற்ற ஒரு பெரியவர், தீர்ப்பு நகலோடு 41-ஆம் நாள் வந்தார். அப்பீலுக்கு 30 நாள்தான் என்று எனக்குத் தெரியும். "கெடு முடிஞ்சு போச்சு ஐயா" என்று அனுப்பிவிட்டேன். மாலையில் சீனியர் கேட்டார்: "நகலோட பின்பக்கம் பாத்தியா?" மனு போட்ட தேதி, முத்திரை கேட்ட தேதி, நகல் தயாரான தேதி என்று ரப்பர் ஸ்டாம்பில் வரிசையாக இருக்குமே, அது. காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி நகலுக்காகக் காத்த நாட்கள் கெடுவில் சேராது. அவருக்கு நகல் கிடைக்க 17 நாள் ஆகியிருந்தது. ஆக 24 நாள்தான் ஓடியிருக்கிறது, இன்னும் ஆறு நாள் பாக்கி. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, அவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ் இன்னும் வரவில்லை.

நாள் எண்ணுவது

1897 பொது வாசகங்கள் சட்டம் என்று ஒன்று உண்டு. யாரும் வாசிக்க மாட்டார்கள், மத்தியச் சட்டங்களுக்கெல்லாம் அடியில் அது ஓடிக்கொண்டிருக்கும். 'இன்ன தேதி முதல்' என்று சட்டம் சொன்னால் அந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். தகவல் மனுவுக்குப் பதில் மார்ச் 3-இல் கைக்கு வந்தால், முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள் ஏப்ரல் 2-இல் முடியும். அன்று அலுவலகம் மூடியிருந்தால் அடுத்த வேலை நாள். 'ஒரு மாதம்' என்றால் காலண்டர் மாதம். 30 நாளும் ஒரு மாதமும் ஒன்றல்ல, பிப்ரவரியில் தெரியும்.

கடைசியாகத் தீர்ப்பு

வாசகம் மாறாமலே அர்த்தம் மாறும். 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி' தவிர ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு. 1950-இல், மதராஸ் மாநிலச் சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் வழக்கில், சட்டம் போட்டு நடைமுறை வைத்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். 1978-இல், பாஸ்போர்ட் பறிக்கப்பட்ட மேனகா காந்தி வழக்கில், அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. அதனால் பிரிவைப் படித்து முடித்ததும், அதற்கு உச்ச நீதிமன்றம் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள்.

வக்கீலிடம் போவதாக இருந்தால் வட்டமும் கோடும் போட்ட அந்தத் தாளோடு போங்கள். அரை மணி நேரக் கதை மிச்சமாகும். அவருடைய குமாஸ்தாவிடம் நகலின் பின்பக்கத்தை முதலில் காட்டுங்கள்.